தூணைக் காப்பாற்றும் ரிங்

2000 டிசம்பர் 12 அன்று ஈராட்டுப்பேட்டை பக்கம் நிலம் ஆடியது. அளவு சுமார் 5. இடுக்கி மலைகளிலும் உணர்ந்தார்கள். மாட்டுப்பட்டி அணை மாதிரி ஈர்ப்பு அணைகள் தம் எடையாலேயே நிற்பவை. வீட்டுத் தூணுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

ஆறே வாரத்தில், 2001 ஜனவரி 26 அன்று, பூஜ் நிலநடுக்கம். 200 கிலோமீட்டருக்கும் அப்பால், அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் சரிந்தன. பலவற்றில் கீழ்த்தளம் கார் நிறுத்த வெறும் தூண்களோடு விடப்பட்டிருந்தது. மேல்தளங்கள் சுவர்களால் விறைத்து நிற்க, ஆட்டம் முழுக்கக் கீழ்த்தூண்கள் தலையில்.

தூண் வளையும்போது வெளிப்பூச்சு உதிரும், நெடுங்கம்பி வெளியே பிதுங்கும், உள் கான்கிரீட் நொறுங்கும். இதைக் கட்டிப்பிடிப்பது ரிங் கம்பிதான். தூணின் மேல், கீழ் முனைகளில் நெருக்கமாகக் கட்டி, கொக்கியை 135 டிகிரிக்கு உள்ளே மடக்க வேண்டும். 90 டிகிரி என்றால் பூச்சு உதிர்ந்ததும் அவிழ்ந்துவிடும். 1993-லேயே ஐ.எஸ். 13920 இதைச் சொல்லிவிட்டது. ஏட்டில் இருந்தது, பல தூண்களில் இல்லை.

ஊரில் கார் பார்க்கிங் வைத்து வீடு கட்டப் பணம் அனுப்புகிறவர்களே, கான்கிரீட் போடும் முன் ரிங்கைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். போட்ட பிறகு யார் கண்ணுக்கும் தெரியாது.