ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பு (தமிழ்நாடு)

அரசுத் துறைகளும் உள்ளாட்சிகளும் வாரியங்களும் பொருள் வாங்கவும் வேலை செய்விக்கவும் வெளியிடும் அழைப்பு, பேச்சுவழக்கில் டெண்டர். தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998, அதன் 2000ஆம் ஆண்டு விதிகள் ஆகியவற்றுக்கு உட்பட்டது. மாநில, மாவட்ட ஒப்பந்தப்புள்ளிச் செய்தி இதழ்களிலும் நாளிதழ்களிலும் வெளிவரும். தொழில் நடத்துவோர் இன்று முதலில் பார்க்க வேண்டியது மாநில அரசின் மின் கொள்முதல் தளத்தைத்தான். துறைவாரியாகவோ கடைசித் தேதிவாரியாகவோ தேடலாம். பார்ப்பதற்குப் பதிவு தேவையில்லை. விலைப்புள்ளியைப் பதிவேற்ற மின்னணுக் கையொப்பச் சான்றிதழ் வேண்டும். கடைசி நாளில் அதற்காக ஓடுகிறவர்களும் உண்டு! திருத்த அறிவிப்புகளையும் விடாமல் பார்க்க வேண்டும். கெடு தேதியே அவற்றில் மாறியிருக்கலாம். மத்திய அரசு அலுவலகங்கள் பெரும்பாலும் 2016இல் தொடங்கிய ஜெம் இணையச் சந்தையில் வாங்குகின்றன.