மரியா முத்தோலா

மரியா டி லூர்டெசு முத்தோலா (பிறப்பு: அக்டோபர் 27, 1972) மொசாம்பிக் நாட்டைச் சேர்ந்த முன்னாள் தடகள வீராங்கனை ஆவார். 800 மீட்டர் ஓட்டத்தில் சிறப்புற்று விளங்கிய இவர், 2000 ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் தம் நாட்டிற்கு முதல் தங்கப் பதக்கத்தைப் பெற்றுத் தந்தார். 2024 பாரிசு ஒலிம்பிக் முடிய மொசாம்பிக் பெற்ற ஒலிம்பிக் பதக்கங்கள் இரண்டே. இரண்டும் இவர் வென்றவை.

இளமைக் காலம்

தலைநகர் மபூட்டோவின் ஏழ்மையான புறநகர்ப் பகுதியான சமன்குலோவில் வளர்ந்தார். அவரது சிறுவயதில் நாட்டில் உள்நாட்டுப் போர் (1977–1992) நடந்து கொண்டிருந்தது. சிறுவர்களுடன் சேர்ந்து கால்பந்து ஆடிய இவர் ஆண்கள் அணியிலும் இடம்பெற்றார். பெண் ஒருவர் ஆடுவதற்கு எதிரணியினர் எதிர்ப்புத் தெரிவித்தனர். இதனை அறிந்த மொசாம்பிக் கவிஞர் ஒசே கிராவெய்ரினா, இவரைத் தடகளத்தின் பக்கம் திருப்பினார். 1988 இல் தமது 15 ஆவது வயதில் சியோல் ஒலிம்பிக்கில் ஓடி, முதற்சுற்றிலேயே வெளியேறினார்.

அமெரிக்காவில் பயிற்சி

1991 இல் ஒலிம்பிக் நல்கை பெற்று அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்திற்குச் சென்று, பள்ளியில் படித்தவாறே மார்கோ செனிங்சு என்பவரிடம் பயிற்சி பெற்றார். அவ்வாண்டு டோக்கியோ உலகப் போட்டியில் நான்காம் இடத்தையும், 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் ஐந்தாம் இடத்தையும் பெற்றார். 1993 இல் இசுடுட்கார்ட்டில் உலக வாகையாளரானார்.

தடையும் மீட்சியும்

1995 இல் கோத்தன்பர்க் உலகப் போட்டியின் அரையிறுதியில், ஓடுபாதைக் கோட்டை மிதித்ததற்காகத் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். 800 மீட்டரில் முதல் வளைவு முடியும் வரை வீரர்கள் தத்தம் பாதையிலேயே ஓட வேண்டும் என்பது விதி. அதே மாதத்தில் பிரசெல்சில் 1000 மீட்டர் தூரத்தை 2 நிமிடம் 29.34 வினாடிகளில் கடந்து உலக சாதனை படைத்தார். மறு ஆண்டு உருசியாவின் சுவெத்லானா மசுத்தர்க்கோவா அதனை முறியடித்தார். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் முத்தோலாவுக்கு வெண்கலமே கிடைத்தது.

சிட்னி தங்கம்

தமது நான்காவது ஒலிம்பிக்கான சிட்னியில், ஆசுத்திரியாவின் இசுடெபனி கிராஃபை இரண்டாம் இடத்திற்கும், பிரித்தானியாவின் கெல்லி ஓம்சை மூன்றாம் இடத்திற்கும் தள்ளி, 1 நிமிடம் 56.15 வினாடிகளில் வென்றார். 2003 இல் கோல்டன் லீக் தொடரின் அனைத்துப் போட்டிகளிலும் வென்று, பத்து இலட்சம் டாலர் பரிசைத் தனியொருவராகப் பெற்றார்.

2004 ஏதென்சு ஒலிம்பிக்கில், செனிங்சிடம் உடன் பயிற்சி பெற்ற ஓம்சு தங்கம் வென்றார். அவரைவிட 0.13 வினாடி மட்டுமே பின்தங்கிய முத்தோலா நான்காம் இடம் பெற்றுப் பதக்கத்தை இழந்தார். தமது ஆறாவது ஒலிம்பிக்கான 2008 பெய்சிங்கில் ஐந்தாம் இடம் பெற்று, அவ்வாண்டே ஓய்வு பெற்றார்.

ஓய்வுக்குப் பின்

ஓய்வுக்குப் பின் மீண்டும் கால்பந்து ஆடினார். தென்னாப்பிரிக்க வீராங்கனை காசுட்டர் செமன்யாவுக்கும் பயிற்சி அளித்தார்.

முதன்மை வெற்றிகள் (800 மீட்டர்)

* ஒலிம்பிக்: தங்கம் – 2000, வெண்கலம் – 1996
* உலக வாகையாளர் போட்டி: தங்கம் – 1993, 2001, 2003, வெள்ளி – 1999, வெண்கலம் – 1997
* உலக உள்ளரங்கப் போட்டி: தங்கம் – 1993, 1995, 1997, 2001, 2003, 2004, 2006
* பொதுநலவாய விளையாட்டுகள்: தங்கம் – 1998, 2002
* தனிப்பட்ட சிறந்த நேரம்: 1:55.19 (சூரிச், 1994)