திங்கட்கிழமைக்கு ஒரு ஓபி சீட்டு

சார்லஸ் டிக்கன்ஸ் எழுதிய 'எ கிறிஸ்துமஸ் கேரல்' படிச்சிருக்கீங்களா? அதுல டைனி டிம்னு ஒரு சின்னப் பையன் வருவான். கையில் ஊன்றுகோல், காலில் இரும்புச் சட்டம். அவனுக்கு என்ன நோய்னு டிக்கன்ஸ் கடைசி வரைக்கும் சொல்லவே இல்லை.

எங்க ஆளுங்க சும்மா விடுவாங்களா? 1992-ல் ஒரு அமெரிக்கக் குழந்தை மருத்துவர், சிறுநீரகம் அமிலத்தை வெளியேற்ற முடியாம எலும்பு பலவீனமாகிற நோய்னு கட்டுரை எழுதினார். 2012-ல் இன்னொருத்தர், ரிக்கெட்ஸும் டிபியும் சேர்ந்து வந்திருக்கும்னு எழுதினார். கற்பனைப் பையனுக்கு இவ்வளவு கேஸ் டிஸ்கஷன்!

ஆனா ஒரு விஷயம் கவனிங்க. கதையில் டிம்முக்கு ரெண்டு எதிர்காலம் காட்டப்படுது. நிலைமை இப்படியே போனா செத்துடுவான். அப்பாவோட முதலாளி ஸ்க்ரூஜ் மனசு மாறினா பிழைச்சுக்குவான். அப்படின்னா அது 1843-ல் காசு இருந்தா சரிபண்ணக்கூடிய நோயா இருக்கணும். ரிக்கெட்ஸ் பொருந்துது. லண்டன் நிலக்கரிப் புகை வெயிலை மறைச்சது, வைட்டமின் டி கிடைக்கலை. வைட்டமின்னு ஒண்ணு இருக்கிறதே அப்ப யாருக்கும் தெரியாது. ஆனாலும் மீன் எண்ணெய் வேலை செய்யும்னு தெரிஞ்சிருந்தது. எடின்பரோ டாக்டர் ஜான் ஹியூஸ் பென்னெட் 1841-லேயே அதைப் பத்தி ஒரு புத்தகம் போட்டிருந்தார்.

டிம்மோட அப்பா பாப் க்ராட்சிட் ஒரு குமாஸ்தா. வாரச் சம்பளம் 15 ஷில்லிங், ஆறு பிள்ளைகள். பண்டிகைக்கு வாங்கின வாத்தை வேகவைக்க வீட்டில் அடுப்பு வசதி கிடையாது, பேக்கரிக்காரர் அடுப்பில் கொடுத்து வாங்கி வர்றாங்க. வீட்டில் இருக்கிற கண்ணாடிச் சாமானே ரெண்டு டம்ளரும், பிடி உடைஞ்ச ஒரு கப்பும்தான். இந்த மாதிரி விவரம் எழுத டிக்கன்ஸை விட்டா ஆள் இல்லை. 1824-ல் அவரோட அப்பா கடனுக்காக மார்ஷல்ஸீ சிறைக்குப் போனப்போ, 12 வயசுப் பையனா ஷூ பாலிஷ் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர் அவர்.

இருந்தாலும் எனக்கு ஒரு உறுத்தல். அந்த வீட்டில் யாருக்குமே நிஜமான கோபம் வரலை. அம்மா மட்டும் முதலாளியைக் கொஞ்சம் திட்டுறாங்க, அதையும் அப்பா அடக்கிடுறார். எல்லாரும் சுத்தம், எல்லாரும் பாசம், எல்லாரும் நன்றி. வாசகனுக்கு இரக்கம் வரணும், பயம் வரக்கூடாது. அதுக்குத் தோதா செஞ்ச ஏழைக் குடும்பம்.

இப்போ லண்டனை விட்டு மான்செஸ்டருக்கு வாங்க. பருத்தி ஆலைகள் நிறைஞ்ச ஊர். 1842-ல் எட்வின் சாட்விக் வெளியிட்ட அறிக்கையில் ஒரு கணக்கு இருக்கு. அங்கே மேல்தட்டுக் குடும்பங்களில் சாகிற சராசரி வயசு 38. தொழிலாளர் குடும்பங்களில் 17. எல்லாரும் 17 வயசில் செத்தாங்கன்னு அர்த்தம் இல்லைங்க. அவ்வளவு குழந்தைகள் செத்ததால சராசரி அப்படிக் கீழே விழுந்தது.

அந்த ஊரில் ஒரு பாதிரியாரோட மனைவி எலிசபெத் கேஸ்கெல். 1845-ல் அவங்களோட ஒரே மகன், ஒரு வயசு கூட ஆகலை, ஸ்கார்லெட் காய்ச்சலில் போயிட்டான். துக்கத்தில் இருந்து மீள எழுதிப் பாருன்னு கணவர் சொல்ல, எழுதின நாவல் 'மேரி பார்ட்டன்'. 1848-ல் பெயர் போடாம வெளிவந்தது.

அதில் ஜான் பார்ட்டன்னு ஒரு ஆலைத் தொழிலாளி. வேலை போன நேரத்தில் மகனுக்கு அதே ஸ்கார்லெட் காய்ச்சல். நல்ல சாப்பாடு கொடுத்தா தேறுவான்னு டாக்டர் சொல்றார். சாப்பாட்டுக்கு எங்கே போறது? பசியோட கடைத்தெருவில் நிக்கிறப்போ, அவனை வேலையை விட்டு நிறுத்தின முதலாளியோட மனைவி, விருந்துக்கு வாங்கின சாமானை வண்டியில் ஏத்திட்டுப் போறதைப் பார்க்கிறான். வீட்டுக்கு வந்தா பையன் பிணமா கிடக்கிறான்.

அதைவிட என்னை உலுக்கினது டேவன்போர்ட் குடும்பம். தரைக்குக் கீழே ஒரு அறை. செங்கல் தரையில் சாக்கடைத் தண்ணி கசியுது, ஈரத்திலேயே குழந்தைகள் உருளுது, வைக்கோல் மேல அப்பா டைஃபஸ் காய்ச்சலில் பிதற்றிட்டு இருக்கார். (டைஃபாய்டு இல்லை, டைஃபஸ். உடம்புப் பேன் பரப்புறது. அதைக் கண்டுபிடிக்கவே 1909 ஆச்சு.) பார்ட்டன் தன்னோட நல்ல கோட்டையும் பட்டுக் கைக்குட்டையையும் அடகு வெச்சு அஞ்சு ஷில்லிங்குக்கு ரொட்டி, கறி, கரி, மெழுகுவர்த்தி வாங்கிட்டு வர்றான். மருந்துக்கடைக்காரர் கொடுத்ததோ சாதாரண ஜலதோஷத்துக்கான மருந்து.

அன்னைக்கு ஆஸ்பத்திரி எப்படி நடந்ததுன்னு தெரிஞ்சாத்தான் அடுத்த காட்சி புரியும். அவை நன்கொடையில் ஓடின ஆஸ்பத்திரிகள். சந்தா கட்டுற பெரிய மனுஷங்க கையில் சீட்டு இருக்கும். விபத்துன்னா நேரா எடுத்துக்குவாங்க. மத்தபடி படுக்கை வேணும்னா அந்தச் சீட்டு வேணும். அதனால நண்பர் வில்சன் ஆலை முதலாளி கார்சன் வீட்டுக்குப் போறார். அங்கே காலை உணவு மணக்குது, இவர் வயிறு காலி. டேவன்போர்ட் அந்த ஆலையில் மூணு வருஷத்துக்கு மேல வேலை பார்த்தவர், முதலாளிக்குப் பேரே தெரியலை. உள்நோயாளி சீட்டு கைவசம் இல்லைன்னு வெளிநோயாளி சீட்டு தர்றார். அதுவும் திங்கட்கிழமைக்கு. அதுக்கு முன்னாடியே டேவன்போர்ட் செத்துடுறார்.

சீட்டு கிடைச்சிருந்தா பிழைச்சிருப்பாரா? உறுதியா சொல்ல முடியாது. டைஃபஸுக்கு வேலை செய்யிற ஆன்டிபயாடிக் 1940-களின் கடைசியில்தான் கிடைச்சது. ஆனா காய்ந்த படுக்கை, கஞ்சி, தண்ணி, பேன் இல்லாத துணி... இதுவே பலரைக் காப்பாத்தும். குழந்தைகளுக்குப் பரவுறதும் குறைஞ்சிருக்கும். அந்தச் சீட்டு கார்சன் மேஜை டிராயரில் எத்தனை மீதி இருக்குங்கிறதைப் பொறுத்த விஷயமா இருந்தது பாருங்க, அங்கதான் எனக்கு வயிறு எரியுது.

பார்ட்டன் க்ராட்சிட் மாதிரி நன்றி சொல்லிட்டு உட்காரலை. அபினுக்கு அடிமையாகிறான், கடைசியில் கார்சன் மகனையே சுட்டுக் கொல்றான். நாவலுக்கு அவன் பேரைத்தான் வைக்க நினைச்சாங்க கேஸ்கெல், பதிப்பகம்தான் மகள் பேருக்கு மாத்த வெச்சது. ஆலை முதலாளிகள் தரப்பு கொதிச்சுப் போச்சு. முடிவில் மட்டும் கேஸ்கெல்லும் பின்வாங்கிட்டாங்கன்னு எனக்குத் தோணும். முதலாளியும் கொலையாளியும் மரணப்படுக்கையில் சமாதானம் ஆகுறாங்க, இளஞ்ஜோடி கனடாவுக்குக் கப்பல் ஏறிடுது. மான்செஸ்டர் நிலவறைகள் அப்படியேதான் இருக்கு.

ரெண்டு புத்தகமும் காப்புரிமை முடிஞ்சு இணையத்தில் இலவசமா கிடைக்குது. நேரம் இல்லைன்னா 'மேரி பார்ட்டன்' ஆறாவது அத்தியாயம் மட்டுமாவது படிங்க. சாப்பிட்டு முடிச்சிட்டுப் படிங்க.