சம்ப்

சென்னையில் வளர்ந்தவர்களுக்கு ‘சம்ப்’ என்றால் வீட்டு வாசலில் இரும்பு மூடி போட்ட நிலத்தடித் தொட்டி. கார்ப்பரேஷன் தண்ணீர் அதில் விழும்; மோட்டார் போட்டால் மாடிக்கு ஏறும்; அணைக்க மறந்தால் தெருவுக்கே தெரியும். கனடாவில் கடல்நீர் மீன்தொட்டி வாங்கப் போனபோது கடைக்காரரும் அதே சொல்லைத்தான் சொன்னார். துளை போட்ட தொட்டியா, போடாததா? சம்ப் உண்டா? விலை வித்தியாசத்தைப் பார்த்துவிட்டுத் துளையில்லாததை வாங்கினேன்.

துளையில்லாத தொட்டியிலிருந்து தண்ணீரைக் கீழிருக்கும் சம்ப்புக்கு இறக்க, விளிம்பில் ஒரு வளைகுழாயை மாட்ட வேண்டும். அதில் காற்று சேர்ந்தால் சைஃபன் அறுந்துவிடும். பம்ப்புக்கு அது தெரியாது. கீழிருப்பதை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். ஒரு பிப்ரவரி இரவில் எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது. மரத்தரை உப்பிப்போனது. சம்ப் வற்றி, ஹீட்டர் காய்ந்து, ஓட்டம் நின்ற தொட்டியில் என் மகள் பெயர் வைத்திருந்த இரண்டு கோமாளி மீன்களும் காலையில் செத்துக் கிடந்தன. “தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கே அப்பா, அப்புறம் ஏன் செத்துச்சு?” என்று கேட்டாள்.

ஏறக்குறைய நூற்றெண்பது ஆண்டுகளாகக் கேட்கப்பட்டுவரும் கேள்வி அது. 1846இல் ஆன்னா தைன் என்ற பெண்மணி டார்க்கீ கடற்கரையிலிருந்து சில கல்பவளங்களை லண்டனுக்குக் கொண்டுவந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் துணை டீனுடைய மனைவி. கடல்நீரைத் தினமும் திறந்த சன்னலருகே ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு ஆற்றவைத்தார், நாம் காபி ஆற்றுவதுபோல. ஆற்றியவர் வீட்டுப் பணிப்பெண். என் கணக்கில் கடல்நீர்த் தொட்டியின் முதல் பம்ப் அந்தப் பெண்தான்.

1845இல் பிரிட்டனில் கண்ணாடி வரி நீங்கியிருந்தது. 1853இல் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் மீன்கூடம் திறந்தது. மறுவருடம் பிலிப் ஹென்றி காஸ் எழுதிய ‘த அக்குவேரியம்’ வந்தது. நடுத்தர வர்க்கம் வாளிகளோடு கடற்கரைக்கு ஓடியது. தாவரம் சில, விலங்கு சில போட்டால் தண்ணீர் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை. வரவேற்பறைத் தொட்டிகள் நாறின. செத்ததற்குப் பதில் புதிதாகப் பொறுக்கி வந்தார்கள். தந்தையின் புத்தகங்கள் கூட்டிவந்த கூட்டத்தால் டெவன் கடற்கரைப் பாறைக்குளங்கள் சூறையாடப்பட்டதை மகன் எட்மண்ட் காஸ் 1907இல் வருத்தத்தோடு எழுதினார்.

விடையை வேலையாகச் செய்துகாட்டியவர் வில்லியம் ஆல்ஃபோர்ட் லாய்ட். லண்டனில் மீன்தொட்டிக் கடை நடத்தியவர். 1864இல் திறந்த ஹாம்பர்க் காட்சிக்கூடத்தில் பணியாற்றிவிட்டு, லண்டன் கிரிஸ்டல் பேலஸில் 1871இல் திறந்த கூடத்தை வடிவமைத்தார். பார்வையாளர்கள் கண்டது மேலேயிருந்த கண்ணாடித் தொட்டிகளை. அவற்றையெல்லாம் சேர்த்தாலும் அதைவிடப் பெரிய தேக்கத்தை அவர் தரைக்கடியில் இருட்டில் வைத்தார். இருட்டில் பாசி வளராது. அத்தனை தண்ணீர் சட்டென்று சூடாகாது, குளிராது. ஒரு மூலையில் சேரும் கழிவும் கரைந்து மெலியும். நீராவி பம்ப் இரவும் பகலும் தண்ணீரை ஏற்ற, அது தொட்டிகள் வழியே ஓடிக் காற்றைக் கலந்துகொண்டு மறுபடி கீழே இறங்கியது. தண்ணீரை மாற்றவில்லை, சுற்றவிட்டார். உலோகம் கடல்நீரில் நஞ்சாகும் என்பதால் வல்கனைட் என்ற கடின ரப்பரைப் பயன்படுத்தினார். 1874இல் திறந்த நேப்பிள்ஸ் கடலாய்வு நிலையக் காட்சிக்கூடத்துக்கும் அவருடைய யோசனைதான். மென்பொருள்காரனான எனக்கு அவர்மேல் தனிப் பிரியம். திரைக்குப் பின்னால் இருப்பதற்கு யாரும் டிக்கெட் வாங்குவதில்லை.

நம் மெரினாவிலும் ஒரு கடல் மீன்காட்சிக்கூடம் இருந்தது. ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ நூலுக்காக நாம் அறிந்த எட்கர் தர்ஸ்டனின் முயற்சியில் 1909இல் திறந்து, போர்க்காலத்தில் 1942இல் மூடப்பட்டது.

லாய்டின் நிலவறை வீட்டுத் தொட்டியின் அலமாரிக்குள் இறங்கப் பல பத்தாண்டுகள் ஆயின. 1986இல் ஜார்ஜ் ஸ்மிட் என்பவர் அமெரிக்க இதழொன்றில் எழுதிய தொடர், தொட்டிக்கடியில் வடிகட்டி வைக்கும் முறையைப் பரவலாக்கியது. தண்ணீர் கீழே இறங்க வழி வேண்டுமே. அதற்குத்தான் கண்ணாடியின் மேல்பகுதியில் துளை. புவியீர்ப்பு அறுந்துபோவதில்லை. வாங்கிய பிறகு நாமே துளையிடலாம் என்று நினைப்பவர்கள் கவனிக்க: பதப்படுத்திய கண்ணாடி துளையிட்டால் நொறுங்கும்.

இரண்டாவது முறை துளை போட்டதையே வாங்கினேன். மின்சாரம் போனால் வழிவிளிம்புக்கு மேலிருக்கும் நீரும் குழாய்களில் நிற்கும் நீரும் சம்ப்புக்கு இறங்கும். அதற்கு அங்கே இடம் காலியாக இருக்க வேண்டும். அதனால் மீன் வாங்குவதற்கு முன்பே, ஓடிக்கொண்டிருந்த பம்ப்பை வேண்டுமென்றே நிறுத்தினோம். மகள் தரையில் குப்புறப் படுத்து டார்ச் அடித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் சம்ப்பில் ஏறி, ஏறி, விளிம்புக்கு நான்கு விரற்கடை கீழே நின்றது. அந்த இடத்தில் நீல டேப்பை ஒட்டினாள்.