மொகதிஷுவில் ஒரு சமபந்தி

சோயாவில் ஊறிய பெரில்லா இலைகள் வெற்றிலைக் கட்டு மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். குச்சியால் ஒன்றை எடுக்கப் போனால் கூடவே இன்னொன்றும் வரும். மங்கலான வெளிச்சத்தில் ஒரு கை அப்படித் திணறுகிறது. எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு ஜோடிக் குச்சி நீண்டு அடி இலையை அழுத்திப் பிடிக்கிறது. மேல் இலை தனியாக வந்துவிடுகிறது. எடுத்தவர் தென் கொரியத் தூதரகத்துக்காரர், பிடித்துக்கொடுத்தவர் வட கொரியத் தூதரகத்துக்காரர். வெளியே ஊர் பற்றி எரிந்துகொண்டிருக்கிறது.

'எஸ்கேப் ஃப்ரம் மொகதிஷு' என்ற கொரியப் படத்தில் வரும் காட்சி இது. படம் வந்தது 2021-ல், கதை நடந்தது 1991-ல்.

சோமாலியாவில் இரண்டு கொரியாக்களுக்கும் என்ன வேலை? ஓட்டு வேட்டைதான். அன்றைக்கு இருவருமே ஐ.நா. உறுப்பினர்கள் அல்ல. உள்ளே நுழைய ஆப்பிரிக்க நாடுகளின் ஆதரவு வேண்டும். அந்தக் கண்டத்தில் வட கொரியா முன்பே கடைவிரித்திருந்தது. தென் கொரியா சோமாலியாவோடு தூதரக உறவு வைத்துக்கொண்டதே 1987-ல்தான். ஒருவர் பிடித்த ஆளை இன்னொருவர் இழுப்பதே இரு தூதரகங்களுக்கும் அன்றாடப் பிழைப்பு.

1990 டிசம்பர் கடைசியில் அந்தப் பிழைப்பில் மண் விழுந்தது. 1969-லிருந்து நாட்டைப் பிடியில் வைத்திருந்த சியாத் பர்ரேவை விரட்டக் கிளர்ச்சிப் படைகள் தலைநகருக்குள் புகுந்தன. தொலைபேசி செத்தது, தூதரகங்கள் சூறையாடப்பட்டன. எல்லாம் பறிகொடுத்து நின்ற வட கொரியர்கள் 14 பேரைத் தென் கொரியத் தூதர் காங் ஷின்-சுங் தன் இடத்துக்கு அழைத்துக்கொண்டார். அவர் பக்கம் 7 பேர். எதிரி நாட்டாரோடு அனுமதியில்லாமல் பேசினாலே ஊரில் வழக்கு வரக்கூடிய காலம் அது.

தப்பிக்க இருந்த வழி இத்தாலியத் தூதரகம். ஆனால் இத்தாலிக்கும் வட கொரியாவுக்கும் உறவே கிடையாது. தன் ஆட்களுக்கு மட்டும் இடம் வாங்கிக்கொண்டு காங் கிளம்பியிருக்கலாம். எல்லாரையும் ஏற்றிக்கொண்டால்தான் ஆயிற்று என்று நின்றார். இத்தாலியத் தூதரகத்தை நோக்கிக் கார்கள் வரிசையாகப் போனபோது தோட்டாக்கள் பாய்ந்தன. ஒரு காரை ஓட்டிய வட கொரிய அதிகாரி குண்டு பட்டு இறந்தார். மற்றவர்கள் விமானமேறிக் கென்யாவின் மொம்பாசாவில் இறங்கினார்கள்.

பணி ஓய்வுக்குப் பின் காங் இந்த அனுபவத்தை நாவலாக எழுதினார். 2006-ல் வந்த அதன் தலைப்பு 'தப்பித்தல்' என்று பொருள்படும் ஒற்றைச் சொல். பிறகு டெக்ஸ்டர் ஸ்டுடியோவில் இந்தச் சம்பவம் படத் திட்டமாக வளர்ந்து, இயக்குநர் ரியூ சுங்-வானிடம் வந்து சேர்ந்தது. இரு கொரிய உளவாளிகளை வைத்து 2013-ல் 'த பெர்லின் ஃபைல்' எடுத்தவர் அவர்.

படம் எடுக்க ஊர் வேண்டுமே! தென் கொரியக் குடிமக்கள் சோமாலியாவுக்குப் போகவே அவர்கள் அரசு தடை போட்டிருந்தது. ஆகவே கண்டத்தின் மறு கரையில், மொராக்கோவின் எஸ்ஸவீரா என்ற கடலோர ஊரை மொகதிஷு ஆக்கினார்கள். புத்தகங்களையும் மணல் மூட்டைகளையும் உடலெங்கும் கட்டிக்கொண்டு, குண்டு மழையில் கார்கள் சீறும் அந்தத் துரத்தல் ஓடியது இந்தத் தெருக்களில்தான். 2020 பிப்ரவரியில் படப்பிடிப்பு முடிந்தது. அடுத்த மாதமே கொரோனாவால் உலகம் கதவடைத்தது.

பெட்டிக்குள் காத்திருந்த படம் 2021 ஜூலை 28 அன்று வெளியானது. சியோலில் இரவு 10 மணிக்குத் திரையரங்குகளை மூடிவிட வேண்டும் என்ற கட்டுப்பாடு அப்போது. அப்படியும் 36 லட்சம் பேர் பார்த்தார்கள். அந்த ஆண்டு கொரியப் படங்களில் வசூலில் முதலிடம் இதற்குத்தான். தென் கொரியாவின் புளூ டிராகன் திரைப்பட விருதுகளில் சிறந்த படம், சிறந்த இயக்குநர் இரண்டும் கிடைத்தன. வட கொரியத் தூதராக நடித்த ஹோ ஜூன்-ஹோ சிறந்த துணை நடிகரானார்.

குறையும் உண்டு. தலைப்பில் இருப்பது சோமாலியர்களின் ஊர். படத்துக்குள் அவர்கள் பெரும்பாலும் துப்பாக்கியும் கூச்சலும் மட்டுமே. கொரியர்கள் பறந்துபோன பிறகு அந்தத் தெருக்களிலேயே கிடந்தவர்களின் கதை இன்னொரு படத்துக்குரியது.

மொம்பாசாவில் இறங்கியதும் படத்தின் 2 கூட்டமும் தனித்தனிப் பேருந்துகளில் ஏறுகின்றன. கூட வந்தவர்களைத் திரும்பிப் பார்க்கக்கூடத் துணிவில்லை. இரு அரசுகளின் ஆட்களும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதே 1991 செப்டம்பர் 17 அன்று இரு கொரியாக்களும் ஒரே நாளில் ஐ.நா.வில் சேர்ந்தன. அவர்களை மொகதிஷுவுக்கு விரட்டிய ஓட்டுச் சண்டை எட்டே மாதத்தில் அர்த்தமிழந்தது.

ரியூ செய்த ஒரு காரியம் கொரிய ரசிகர்களையே நிமிர்ந்து உட்காரவைத்தது. வடக்கத்தியர் பேசும்போதெல்லாம் கொரியத் திரையிலேயே கொரிய எழுத்தில் சப்டைட்டில் போட்டார். மொழி ஒன்றுதான், ஆனாலும் அயல்நாட்டார் பேச்சாகவே அதைக் காட்டினார்.

இலை பிரிந்த அந்தக் காட்சியில் மட்டும் சப்டைட்டிலுக்கு வேலையே இல்லை.