நாட்காட்டிப் படமும் தற்கால ஓவியமும்

ஒரு மொழி பிறிதொரு மொழியினின்று சொல்லைக் கடன்பெறும்போது அதன் ஒலியும் பொருளும் மாறுதல் இயல்பு. மக்கள் பண்பாட்டுப் படிமங்கள் தற்கால இந்திய ஓவியத்தில் இடம்பெற்ற வரலாற்றையும் இத்தகைய கடன்பேறாகக் கருதலாம். இங்கு படிமத்தின் பொருளோடு அதன் மதிப்பும் மாறிவிடுகிறது.

இக்கடன் முதலில் எதிர்த்திசையில் நிகழ்ந்தது. ஐரோப்பிய எண்ணெய் வண்ண முறையைக் கையாண்ட ராஜா ரவிவர்மா (1848-1906) 1894இல் பம்பாயில் அச்சகம் நிறுவினார். அரண்மனைகளுக்குரியதாக இருந்த ஓவிய முறை, மலிவான கல்லச்சுப் படங்களின் வழி எளியோர் இல்லங்களை அடைந்தது. தமிழகத்தில் இம்மரபை வளர்த்தவருள் தலையாயவர் சி. கொண்டையராஜு (1898-1976). சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, நாடகக் குழுவிற்குத் திரைச்சீலை தீட்டிய இவர், கோவில்பட்டியில் தங்கி மாணவர் பலரை உருவாக்கினார். அவர்கள் தீட்டிய தெய்வ உருவங்கள் சிவகாசியில் அச்சாகி நாட்காட்டிகளாகப் பரவின. ஆண்டு முடிந்ததும் தேதித்தாள் கழியும். படம் மட்டும் சட்டமிடப்பெற்றுப் பூசையறையில் நிலைபெறும்.

நவீன ஓவியர் பலர் இவற்றைச் சுவைக்குறைவின் அடையாளமாகவே கருதினர். அந்நோக்கை மாற்றியவருள் பூபேன் கக்கர் (1934-2003) குறிப்பிடத்தக்கவர். பம்பாயில் பிறந்து, பட்டயக் கணக்கராகத் தகுதி பெற்று, 1962இல் பரோடாவிற்குக் குடிபெயர்ந்த இவர், கடைத்தெருவில் விற்கும் தெய்வப் படங்களை வெட்டி ஒட்டிய ஆக்கங்களை 1965இல் பம்பாயில் காட்சிக்கு வைத்தார். 1970களின் தொடக்கத்தில் தையற்காரர், முடிதிருத்துவோர், கடிகாரம் பழுதுபார்ப்போர் ஆகியோரைத் தம் ஓவியங்களின் தலைமக்களாக்கினார். ‘ஜனதா வாட்ச் ரிப்பேரிங்’ (1972) அவற்றுள் ஒன்று. கடைப் பெயர்ப்பலகையின் எழுத்தும் நாட்காட்டிப் படத்தின் பளிச்சிடும் வண்ணமும் இவற்றில் ஏளனமாக அமையவில்லை. கணக்கெழுதிப் பிழைத்த அவ்வோவியர் தாம் வாழ்ந்த நடுத்தர வகுப்பின் கண்களாலேயே அவ்வுலகைக் கண்டார் என்பதே இதற்குக் காரணம் எனலாம்.

எனினும் கடன் கொடுத்தோரின் நிலை வேறு. தையற்காரர் ஒருவரைக் காட்டும் கக்கரின் 1972ஆம் ஆண்டு ஓவியம் 2017இல் லண்டன் ஏலத்தில் பத்து இலட்சம் பவுண்டுக்கும் மேல் விலைபோயிற்று. அத்தகைய கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதியோருள் பெரும்பாலோரின் பெயரைக்கூட இன்று அறிய இயலாது. கொண்டையராஜு போன்ற சிலரே பெயருடன் அறியப்படுகின்றனர். ஏனையோரின் ஆக்கங்கள் ‘மக்கள் கலை’ என்னும் பொதுப்பெயருள் அடங்கிவிட்டன. பெயரற்ற கலை என்று அதனைக் கொள்வது பொருந்தாது. அது பெயர் பதியப்பெறாத கலையே ஆகும்.

கடன்சொல் ஒன்றை விளக்கும்போது அதன் மூலமொழியைச் சுட்டுதல் சொற்பிறப்பியலின் கடமை. அதுபோல, கடன்பெற்ற படிமத்தை விளக்கும் கலைவரலாறும் அதன் மூலத்தைத் தேடுதல் வேண்டும். அச்சகத்தின் பெயர், அச்சான ஆண்டு, ஓவியரின் கையொப்பம் ஆகியன பழைய நாட்காட்டித் தாள்களின் ஓரங்களில் காணப்படுகின்றன. சட்டமிடும்போது முதலில் வெட்டப்படுவதும் அவ்வோரமே. எஞ்சியுள்ள தாள்களையேனும் திரட்டிப் பட்டியலிடுதல் இத்துறை ஆய்வின் முதற்பணியாக அமைதல் வேண்டும்.