மிஷன் ஆஸ்டிராய்ட்

மிஷன் ஆஸ்டிராய்ட் என்பது ஆப்பிள் 2 கணினிக்காக 1980 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட, படங்களுடன் கூடிய உரைவழிச் சாகச விளையாட்டு ஆகும். கென் வில்லியம்ஸ், ராபர்ட்டா வில்லியம்ஸ் என்னும் அமெரிக்கத் தம்பதியர் இதனை உருவாக்கினர். அவர்களது ஆன்-லைன் சிஸ்டம்ஸ் நிறுவனமே இதனை வெளியிட்டது. ஹை-ரெஸ் அட்வெஞ்சர் என்ற வரிசையில் இது மூன்றாவதாக வெளிவந்தது. ஆயினும் இதற்கு இடப்பட்ட வரிசை எண் 0 ஆகும். இவ்வகை விளையாட்டை முன்பு ஆடியிராதவர்கள் முதலில் இதை ஆடிவிட்டுப் பின்னர் எண் 1, எண் 2 ஆகியவற்றுக்குச் செல்லவேண்டும் என்பதே அந்தச் சுழியத்தின் பொருள்.

பின்னணி

1970களின் நடுப்பகுதியில் வில் குரோதர் எழுதி, 1977 இல் டான் வூட்ஸ் விரிவுபடுத்திய கொலோசல் கேவ் அட்வெஞ்சர் என்ற விளையாட்டே உரைவழிச் சாகச விளையாட்டுகளின் மூலம் ஆகும். அதில் படம் எதுவும் கிடையாது. குகையின் வருணனையைப் படித்து, கட்டளையைத் தட்டெழுதி, மறுமொழியைப் படிக்கவேண்டும். வீட்டிலிருந்த முனையம் வழியாக இதனை ஆடிய ராபர்ட்டா, இடங்களைப் படமாகவே காட்டினால் என்ன என்று எண்ணினார். நிரலாளரான அவர் கணவர் கென் அதற்கான நிரலை எழுத, 1980 மே மாதத்தில் மிஸ்டரி ஹவுஸ் வெளிவந்தது. வெள்ளைக் கோடுகளால் ஆன ஏறத்தாழ 70 படங்கள் அதில் இருந்தன. நெகிழ்வட்டும் குறிப்புத்தாளும் நெகிழிப் பையில் இடப்பட்டு 24.95 டாலர் விலைக்கு விற்கப்பட்டன. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் விற்றன.

அதே ஆண்டில் வெளிவந்த இரண்டாவது விளையாட்டான தி விசார்ட் அண்ட் த பிரின்சஸ் வண்ணப் படங்களைக் கொண்டிருந்தது. ஆனால் அதன் தொடக்கமே கடினமானது. பாலைவனத்தில் பாம்பு ஒன்று வழிமறிக்கும். அதைக் கொல்லக் கல் வேண்டும். பாலைவனம் முழுவதும் கற்கள் கிடந்தாலும் ஒன்றைத் தவிர மற்றவற்றில் தேள் ஒளிந்திருக்கும், எடுத்தால் மரணம். இப்புதிரின் விடையை யாரும் தருக்கத்தால் அடைய முடியாது. செத்துச் செத்துத்தான் அறிய முடியும். புதிதாக வந்தவர்கள் முதல் ஐந்து நிமிடத்திலேயே விளையாட்டைக் கைவிட இது போதுமானது. எண் 0 விளையாட்டின் தேவையை விளங்கிக்கொள்ள இதனை நினைவில் கொள்வது நல்லது.

கதை

சிறுகோள் ஒன்று பூமியை நோக்கி விரைந்து வருகிறது. அது மோதுவதற்குச் சில மணி நேரமே உள்ளது. ஆடுபவர் ஒரு விண்வெளி வீரர். விண்வெளித் தலைமையகத்தில் நுழைந்து, பணி பற்றிய விளக்கத்தைப் பெற்று, மருத்துவப் பரிசோதனையை முடித்து, வெடிபொருளையும் விண்வெளி உடையையும் தேடி எடுத்துக்கொண்டு ஏவூர்தியில் ஏறவேண்டும். எத்திசையில் எவ்வளவு நேரம் பறப்பது என்பதைக் கண்டறிந்து அதன்படி கலத்தைச் செலுத்தினால் சிறுகோளை அடையலாம். அங்கு வெடிபொருளை வைத்து அதனை அழிக்கவேண்டும்.

மிஸ்டரி ஹவுஸ் கதையில் கொலைகாரன் யார் என்பதே மறைபொருள். இங்கு மறைபொருள் எதுவும் இல்லை. அடுத்து எதைச் செய்யவேண்டும் என்பதைப் பெரும்பாலும் கதையே சொல்லிவிடுகிறது. அதை எப்படிச் சொல்லில் இடுவது என்பதுதான் கேள்வி. கற்பிக்கும் நோக்கிலான விளையாட்டுக்கு இது பொருத்தமான தேர்வு ஆகும். (சிறுகோள் மோதலே தொன்மாக்களின் அழிவுக்குக் காரணம் என்று அல்வாரெஸ் குழுவினர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டதும் இதே 1980 ஆம் ஆண்டில்தான்.)

விளையாடும் முறை

திரையின் மேற்பகுதியில் படமும் அடியில் நான்கு வரிகளில் உரையும் தோன்றும். ஆடுபவர் விசைப்பலகையில் ஒரு வினைச்சொல், ஒரு பெயர்ச்சொல் என இரண்டு ஆங்கிலச் சொற்களைத் தட்டெழுதவேண்டும். "ஓபன் டோர்" என்றால் கதவு திறக்கும். திசைகளுக்கு ஓரெழுத்துச் சுருக்கம் போதும். நிரல் இலக்கணத்தை ஆராய்வதில்லை. முதற்சொல்லைத் தன் வினைப் பட்டியலிலும் இரண்டாம் சொல்லைப் பெயர்ப் பட்டியலிலும் தேடும். இரண்டும் கிடைத்து, அவ்விடத்தில் அச்செயலுக்கு விதியும் இருந்தால் மட்டுமே ஏதேனும் நிகழும்.

எனவே செய்யவேண்டியது தெரிந்திருந்தும் சரியான வினைச்சொல் அகப்படாமல் தவிக்கும் நிலை அடிக்கடி ஏற்படுகிறது. இக்குறை அக்கால விளையாட்டுகள் அனைத்திற்கும் பொது. எனினும் பயிற்சி விளையாட்டில் இது சற்று உறுத்தவே செய்கிறது.

வரைகலை

இவ்வரிசையின் உண்மையான சாதனை கதையில் இல்லை, நெகிழ்வட்டில் உள்ளது. ஆப்பிள் 2 கணினியின் உயர் பிரிதிறன் திரை 280 × 192 படப்புள்ளிகள் கொண்டது. ஒரு முழுத்திரைப் படத்தை அப்படியே சேமிக்க 8 கிலோபைட் தேவை. அன்றைய நெகிழ்வட்டின் ஒரு பக்கத்தில் சுமார் 113 கிலோபைட்டும், 1980 இல் வந்த புதிய இயக்கு மென்பொருளுடன் 140 கிலோபைட்டுமே கொள்ளும். அதாவது, நிரலுக்கு இடமே விடாவிட்டாலும் முறையே 14 அல்லது 17 படங்களுக்கு மேல் வைக்க இயலாது.

கென் வில்லியம்ஸ் படத்தைச் சேமிக்காமல், படத்தை வரையும் செய்முறையைச் சேமித்தார். இப்புள்ளியிலிருந்து அப்புள்ளிக்குக் கோடு, இவ்விடத்தில் இந்நிறத்தை நிரப்பு என்பன போன்ற கட்டளைகள் மட்டுமே வட்டில் உள்ளன. கோட்டின் இரு முனைகளைக் குறிக்கச் சில பைட்டுகளே போதும். ஓர் அறைக்குள் நுழைந்ததும் கணினி அக்கட்டளைகளை ஒவ்வொன்றாக நிறைவேற்றுவதால் படம் கண்முன்னே வரையப்படுவதைக் காணலாம். அன்று இது காத்திருப்பு. இன்று முன்மாதிரிச் செயலிகளில் இயக்கிப் பார்க்கும்போது, நிரல் கற்கும் மாணவர்க்கு இதுவே விளையாட்டின் மிகச் சுவையான பகுதியாக இருக்கக்கூடும்.

எளிமை பற்றி

இன்று மீண்டும் ஆடிப் பார்ப்பவர்க்கு இதன் எளிமை ஒப்பீட்டளவிலானதே என்பது விரைவில் புலப்படும். வரைபடம் சிறியது, பொருட்கள் குறைவு, எங்கு செல்வது என்பது தெளிவு. ஆனால் கதைக்குள் ஒவ்வொரு கட்டளைக்கும் நேரம் கழிகிறது. சுற்றிப் பார்ப்பதும் தவறான சொற்களை முயன்று பார்ப்பதும்தான் புதியவர் கற்கும் வழி. அதற்கே இவ்விளையாட்டு அபராதம் விதிக்கிறது. பறக்கும் வழியில் பிழை நேர்ந்தாலும் மீட்சி இல்லை. ஆகவே முதல் சுற்றில் தோற்று, கற்றதைத் தாளில் குறித்து, அடுத்த சுற்றில் வீணான அடிகளைக் குறைப்பதே நடைமுறை வழியாகிறது. மொத்த விளையாட்டும் சிறியதாக இருப்பதால் இப்படி மீண்டும் தொடங்குவது பெரும் இழப்பாகத் தோன்றுவதில்லை. இதனை வடிவமைப்பின் குறை என்று சொல்வதா, பயிற்சி என்று சொல்வதா என்பது ஆடுபவரின் பொறுமையைப் பொறுத்தது.

பின்னர்

இவ்விளையாட்டு அட்டாரி 8-பிட் கணினிகளுக்கும் கொமடோர் 64 கணினிக்கும் மாற்றப்பட்டது. ஹை-ரெஸ் வரிசை கிரான்ஸ்டன் மேனர், யுலிசீஸ் அண்ட் த கோல்டன் ஃபிளீஸ், டைம் சோன் எனத் தொடர்ந்து, 1983 இல் வெளியான தி டார்க் கிரிஸ்டலுடன் முடிந்தது. இவற்றுள் டைம் சோன் (1982) ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களுடன் வட்டின் 12 பக்கங்களை நிரப்பியது. மிஷன் ஆஸ்டிராய்டின் நேரெதிர் என்றே அதனைக் கூறலாம்.

நிறுவனம் 1982 இல் சியரா ஆன்-லைன் எனப் பெயர் மாறியது. 1984 இல் வெளிவந்த கிங்ஸ் குவெஸ்ட் விளையாட்டில் ஆடுபவர் தன் கதைமாந்தரைத் திரையில் நடத்திச் செல்ல முடிந்தது. எனினும் கட்டளைகளைத் தட்டெழுதும் முறை அதிலும் தொடர்ந்தது. மிஸ்டரி ஹவுஸ் 1987 இல் பொதுவுரிமைக்கு விடப்பட்டது. நீண்ட ஓய்வுக்குப் பின் வில்லியம்ஸ் தம்பதியர் 2023 இல் மீண்டும் ஒரு விளையாட்டை வெளியிட்டனர். அது ராபர்ட்டா அன்று முனையத்தில் ஆடிய கொலோசல் கேவின் முப்பரிமாண வடிவம் ஆகும்.